சிக்னலில் உறுமும் தம்பிகளே... கால் மைல் ஓட நடுரோடு எதற்கு?

ராத்திரி 11 மணிக்கு மேல் காமராஜர் சாலையிலோ, பெசன்ட் நகர் பக்கமோ, மத்திய கைலாஷ் சிக்னலிலோ கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சிவப்பு விளக்கு எரியும். இரண்டு சின்னக் கார்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். 'உர்ர்... உர்ர்...' என்று உறுமும். கண்ணாடி இறங்கும். ஒரு பார்வை, ஒரு சிரிப்பு. பச்சை விழுந்ததுதான் தாமதம், டயர் கிறீச்சிட இரண்டும் பறக்கும்!

ஜெயித்தது யார்? அது அவர்களுக்குத்தான் தெரியும். தோற்பது யார்? ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகிறவர், கடையை அடைத்துவிட்டு ரோட்டைக் கடக்கிறவர், விடியற்காலையில் மீன் எடுக்கக் கிளம்பும் பட்டினப்பாக்கத்து அம்மா. இவர்கள் யாருமே பந்தயத்துக்குப் பேர் கொடுக்கவில்லை!

இந்த ஓட்டத்துக்கு டிராக் ரேஸ் என்று பெயர். வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர். நின்ற இடத்திலிருந்து கிளம்பி யார் முதலில் கோட்டைத் தொடுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. பார்க்க எளிது. அதனால்தான் மோகமும் அதிகம். மாதத் தவணையில் வாங்கிய சின்னக் காரை வைத்துக்கொண்டு இந்த ஆட்டத்தில் இறங்கத் துடிக்கிற பையன்கள் மயிலாப்பூரிலும் இருக்கிறார்கள், தி.நகரிலும் இருக்கிறார்கள்.

அந்த ஆசையைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். இடம்தான் தப்பு!

கால் மைல் கணக்கு

402 மீட்டர் என்றால் எவ்வளவு? 12 மீட்டர் நீளமுள்ள நம்ம மாநகரப் பேருந்துகளை 33 எண்ணிக்கை வரிசையாக நிறுத்தினால் அவ்வளவு தூரம். சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் கார் இதை ஓடி முடிக்க சுமார் 18 வினாடி ஆகும். கோட்டைத் தொடும்போது வேகம் மணிக்கு 120, 125 கிலோமீட்டர் இருக்கும்.

சரி, ஓடியாச்சு. நிற்க வேண்டாமா?

125 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு வினாடிக்கு 35 மீட்டர் தாண்டுகிறது. 'ஐயோ, ஆள்!' என்று மூளைக்கு உறைத்து கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த 35 மீட்டர் போச்சு. அதற்கு மேல் பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த ரோட்டில், நல்ல டயரில் இன்னும் 90 மீட்டர். ஆக மொத்தம் 125 மீட்டர், அதாவது இன்னொரு 10 பேருந்து நீளம். ரோட்டில் மணல் கிடந்தால்? லேசாகத் தூறல் போட்டிருந்தால்? நாய் குறுக்கே ஓடினால்?

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். இது பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்தான். சிக்னலில் நிற்கும்போது மட்டும் மறந்து போகிறது!

மாட்டினால் என்ன ஆகும்?

பொது இடத்தில் அனுமதி இல்லாமல் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவு பாயும். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கு 3 மாதம் வரை ஜெயில் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் ஒரு வருஷம் வரை ஜெயில் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பையனுக்கு 18 வயது ஆகவில்லையா? அப்போது மாட்டுவது அப்பா! வண்டியைக் கொடுத்த பெற்றோருக்கு 3 வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸ் கிடையாது.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்கிறீர்களா? பாலிசியை எடுத்து சின்ன எழுத்தைப் படியுங்கள். ரேஸ், வேகப் பரீட்சை இதற்கெல்லாம் வண்டியைப் பயன்படுத்தினால் பொறுப்பில்லை என்று அதிலேயே அச்சடித்திருப்பார்கள். அடித்த வண்டிக்கும், அடிபட்ட ஆளுக்கும் வீட்டை விற்றுத்தான் பணம் கட்ட வேண்டிவரும்.

வருஷா வருஷம் டிசம்பர் 31 ராத்திரி மேம்பாலங்களை மூடுகிறார்கள், கடற்கரைச் சாலையை அடைக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பாக்கி 364 ராத்திரிக்கு என்ன வழி?

சத்தம் வேறு, சக்தி வேறு!

ஆசைப்பட்ட பையன் முதலில் போவது எங்கே? மெக்கானிக் கடைக்கு. "அண்ணே, நம்ம வண்டி சும்மா பறக்கணும், என்னா பண்ணலாம்?" "சைலன்சரை மாத்திரலாம் தம்பி, சும்மா கிழியும்!" முடிந்தது கதை. புதுப்பேட்டையில் கிடைக்காத சாமானா? அடுத்த வாரம் வண்டி தெருவையே எழுப்புகிறது. வேகம் கூடியதா என்றால் இல்லை. எதிர்வீட்டுக் கைக்குழந்தை தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

இதுவும் சட்ட விரோதம். கம்பெனி கொடுத்ததை அனுமதி இல்லாமல் மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில் என்று சட்டம் சொல்கிறது.

விஷயம் தெரிந்தவர்கள் இன்ஜினைக் கடைசியில்தான் தொடுவார்கள். ஏன் தெரியுமா? நம்ம சின்னக் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரம் இழுக்கிற வண்டிகள. விருட்டென்று கிளம்பும்போது வண்டியின் பாரம் பின்னால் சாயும். முன் டயருக்குப் பிடிமானம் குறையும். அந்த நேரத்தில் எவ்வளவு சக்தி கொடுத்தாலும் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றுமே தவிர வண்டி நகராது. புகை வரும், கைதட்டல் வரும், நேரம் போகும்!

ஆகவே முதல் செலவு நல்ல டயர். இரண்டாவது பிரேக். மூன்றாவது கிளட்ச். பேட்டரி ஆடாமல் இறுக்கியிருக்க வேண்டும். ஆயில் ஒரு சொட்டுகூட ஒழுகக்கூடாது. டிக்கியில் கிடக்கிற ஜாக்கி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். முறையான பந்தயத்தில் இதையெல்லாம் ஒருவர் தடவித் தடவிப் பார்த்த பிறகுதான் வண்டியை உள்ளேயே விடுவார். தலைக்கு முழு ஹெல்மெட், இடுப்புக்கு பெல்ட் கட்டாயம். அதோடு எப்.எம்.எஸ்.சி.ஐ. எனப்படும் இந்திய மோட்டார் விளையாட்டு சம்மேளனத்தின் போட்டி லைசென்சும் வேண்டும்.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எத்தனை வினாடி, டயரில் காற்று எவ்வளவு, வெயில் எப்படி என்று எழுதி வைக்க வேண்டும். மே மாத மத்தியானத்தில் சூடான காற்று இன்ஜினுக்குள் போனால் சக்தி குறையும். காலைக் காற்றில் அதே வண்டி நன்றாக ஓடும். இதைக் கற்றுக்கொடுப்பது கடிகாரம், கைதட்டல் அல்ல.

பழைய மாருதியும் ஜெயிக்கும்!

'இதெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் சமாச்சாரம் சார்' என்று சொல்வார்கள். பாதி உண்மை. மறுபாதியையும் கேளுங்கள்.

டிராக் ரேஸில் ஒரு முறை உண்டு. ஓடுவதற்கு முன்பே, 'என் வண்டி இத்தனை வினாடியில் ஓடும்' என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒருவர் 19 வினாடி, இன்னொருவர் 15 வினாடி என்றால், மெதுவான வண்டியை 4 வினாடி முன்னாலேயே விட்டுவிடுவார்கள். சொன்ன நேரத்தை ஒட்டி ஓடுகிறவர் ஜெயிப்பார். சொன்னதைவிட வேகமாக ஓடிவிட்டால் தோல்வி! ஆக, அப்பாவின் பழைய மாருதியை வைத்துக்கொண்டு லட்சக்கணக்கில் செலவழித்த வண்டியை மண்ணைக் கவ்வ வைக்கலாம். அங்கே ஜெயிப்பது நிதானம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கிளம்புவதற்கு மஞ்சள் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து, பிறகு பச்சை வரும். பச்சைக்கு முன் ஒரு நூலளவு நகர்ந்தாலும் சிவப்பு எரியும், ஆள் அவுட். சிக்னலை மதிக்காதவன் அங்கே ஜெயிக்கவே முடியாது! இந்த விளையாட்டைப் பார்த்து நம்ம ஊர் பையன்கள் கற்றுக்கொண்டது மட்டும் நேர் எதிரான பாடம்.

போலீசே கூட நின்றது!

அமெரிக்காவிலும் இதே தலைவலிதான் இருந்தது. இரண்டாவது உலகப் போர் முடிந்ததும் கலிபோர்னியா இளைஞர்கள் தெருவில் ரேஸ் விட்டு ஊரைக் கலக்கினார்கள். 1951-ல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். 1953-ல் அந்தச் சங்கத்தின் முதல் அதிகாரபூர்வமான பந்தயம் நடந்தது எங்கே தெரியுமா? போமோனா என்ற ஊரில், கண்காட்சி மைதானத்தின் கார் நிறுத்துமிடத்தில்! அதற்குத் துணை நின்றது அந்த ஊர் போலீஸ். அடிப்பதை விட்டுவிட்டு இடத்தைக் காட்டினார்கள். தெருவில் திரிந்தவர்கள் வரிசையில் வந்து நின்றார்கள்.

நமக்கு என்ன குறைச்சல்? அதே 1953-ல்தான் இங்கே மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பிறந்தது. போர்க்காலத்தில் போட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில் பல வருஷம் பந்தயம் நடந்தது. கூட்டம் கூட்டமாகக் கிளம்பிப் போய் வெயிலில் நின்று பார்த்த பெரியவர்கள் இன்றைக்கும் திருவல்லிக்கேணியிலும் மந்தைவெளியிலும் இருக்கிறார்கள். கேட்டால் கண் மின்னும். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தப் பந்தயத் தளமே வந்துவிட்டது.

கோவை கரிவரதன் மாருதி இன்ஜினை வைத்தே பந்தயக் கார் செய்தார். அந்த பார்முலா மாருதியில் ஸ்ரீபெரும்புதூரில் ஓட்டத் தொடங்கிய நரேன் கார்த்திகேயன், 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். 2010-ல் நம்ம சென்னைப் பையன் கருண் சந்தோக் போனார். சாதாரண கார் இன்ஜினில் தொடங்கி உலகத்தைத் தொட்ட ஊர் இது!

தளத்திலும் ஆபத்து உண்டு

மறைக்க வேண்டாம். இருங்காட்டுக்கோட்டையில் 2023 ஜனவரியில் அனுபவம் வாய்ந்த கார் வீரர் ஒருவர் பந்தயத்தில் அடிபட்டு இறந்தார். அதே வருஷம் ஆகஸ்டில் பைக் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் இறந்தான். நெஞ்சு பதறுகிறது. அதைக் காட்டி 'பந்தயமே வேண்டாம்' என்று சிலர் சொல்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஆம்புலன்ஸ், டாக்டர், தடுப்பு, கொடி காட்டும் ஆட்கள் இத்தனையும் இருந்த இடத்திலேயே உயிர் போகிறது என்றால், எதுவுமே இல்லாத கடற்கரைச் சாலையில் என்ன கதி? வேகம் விளையாட்டுப் பொருள் இல்லை என்பதற்குத்தான் அது சாட்சி. தளத்தில் விதிகள் இன்னும் கடுமையாகட்டும், வயது வரம்பு இறுகட்டும். தெருவுக்கு அது எந்தக் காலத்திலும் பதில் ஆகாது.

கதவைத் திறங்கள்!

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 இரண்டு நாளும் தீவுத்திடலைச் சுற்றி விளக்கு போட்டு பார்முலா 4 பந்தயம் நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ரோடு புதிதாச்சு, வேலி வந்தது, போலீஸ் காவல் வந்தது. வெளியூர்க்காரர்கள் ஓட்ட, நம்ம பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள். மனசு வைத்தால் எதுவும் முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துபோச்சு.

அவ்வளவு செலவு வேண்டாம். கேட்பது கொஞ்சம்தான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணி முதல் 10 மணி வரை. இருங்காட்டுக்கோட்டையிலோ, வேறு பாதுகாப்பான தளத்திலோ ஒரு நேர்கோடு. ஓடுவதற்குக் கால் மைல், நிற்பதற்கு அதைவிட நீளமான இடம். நேரம் காட்டும் கருவி, ஆம்புலன்ஸ், வண்டி பரிசோதனை. மளிகைக் கடைக்காரர் மகனும் கட்டக்கூடிய கட்டணம். 18 வயது ஆனவர்களுக்கு மட்டும், அதுவும் லைசென்ஸ் இருந்தால்தான். ரோட்டில் ரேஸ் விட்டு மாட்டினவனுக்கு ஒரு வருஷம் உள்ளே இடமில்லை!

போக்குவரத்து போலீஸ், விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், மோட்டார் கிளப் மூன்று தரப்பும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் முடிகிற பேச்சு இது. அதே இருங்காட்டுக்கோட்டையில் டூவீலர்களுக்கு தேசிய டிராக் பந்தயமே நடந்திருக்கிறது. சின்னக் காருக்கு மட்டும் ஏன் முடியாது?

இடம் கொடுத்த பிறகும் ரோட்டில் உறுமுகிறவனைத் தூக்கி உள்ளே போடுங்கள். ஒருவரும் பரிந்து பேச வரமாட்டார்கள். இடமே கொடுக்காமல் விரட்டினால், பெசன்ட் நகரில் விரட்டினவன் ஈ.சி.ஆரில் நிற்பான். அங்கே விரட்டினால் பைபாசில் நிற்பான். வண்டியும் மாறாது, புத்தியும் மாறாது.

தம்பிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. இடம் திறக்கும்வரை பொறுங்கள். அதுவரை டயரைப் பாருங்கள், பிரேக்கைப் பாருங்கள். வீட்டில் விழித்திருக்கிற அம்மா முகத்தையும் ஒருதரம் பாருங்கள்!