பார்க்கின்சன் நோயும் பரம்பரை என்ற பழியும்

ஒரு குடும்பத்தில் இருவருக்கு ஒரே நோய் ஏற்பட்டுவிட்டால் அதனைப் 'பரம்பரை வியாதி' என முத்திரை குத்துவது எமது சமூகங்களில் வழமையாகிவிட்டது. தமிழர் மத்தியிலாயினும் முஸ்லிம்கள் மத்தியிலாயினும் அம்முத்திரை நோயாளியுடன் நின்றுவிடுவதில்லை. பிள்ளைகளின் திருமணப் பேச்சு வரை அது தொடர்கின்றது. இதற்கு அஞ்சியே கை நடுக்கத்தை முதுமையின் இயல்பெனக் கூறி மறைப்போரும், வைத்தியரை நாடுவதைத் தள்ளிப்போடுவோரும் உளர். பார்க்கின்சன் நோயின் பிறப்புரிமையியல் குறித்து கடந்த கால் நூற்றாண்டில் வெளியான உண்மைகள், இந்த அச்சத்தின் பெரும்பகுதி தேவையற்றது என்பதையே உணர்த்துகின்றன.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி 2019 ஆம் ஆண்டில் உலகெங்கும் 85 இலட்சத்துக்கும் அதிகமானோர் இந்நோயுடன் வாழ்ந்தனர். மூளையில் டொபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் படிப்படியாக அழிவதால் நடுக்கம், உடல் விறைப்பு, அசைவில் மந்தம் என்பன தோன்றுகின்றன. 1817 இல் லண்டன் வைத்தியரான ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை விவரித்தார். 20 ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், இது பரம்பரையுடன் சம்பந்தமற்றது என்பதே வைத்திய உலகின் பொதுவான கருத்தாக இருந்தது. 1997 இல் தென் இத்தாலியின் கொன்டுர்சி ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பத்திலும், கிரேக்கக் குடும்பங்கள் சிலவற்றிலும் அல்பா-சைனியூக்ளின் என்ற புரதத்துக்குரிய மரபணுவில் விகாரம் கண்டறியப்பட்டதுடன் அக்கருத்து தகர்ந்தது. 1998 இல் யப்பானிய ஆய்வாளர்கள் பார்கின் மரபணுவை இனங்கண்டனர். 2004 இல் எல்.ஆர்.ஆர்.கே.2 மரபணுவின் பங்கு தெரியவந்தது. ஜி.பி.ஏ.1 மரபணுவின் மாற்றங்கள் இந்நோய்க்கான அபாயத்தைப் பன்மடங்கு உயர்த்துவதை 2009 இல் வெளியான பன்னாட்டு ஆய்வு உறுதிப்படுத்தியது.

ஆயினும் மரபணு என்பதும் தலைவிதி என்பதும் ஒன்றல்ல. வட அமெரிக்காவில் 10,000 இற்கும் அதிகமான நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2024 இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 13 வீதமானோரிடமே நோயுடன் தொடர்புடைய முக்கிய மரபணு மாற்றம் காணப்பட்டது. ஏனையோரில் முதுமை, சூழல், சிறிய மரபணு வேறுபாடுகள் பல என்பன கூட்டாகவே செயற்படுகின்றன. எல்.ஆர்.ஆர்.கே.2 விகாரத்தைக் கொண்ட யூத வம்சாவளியினரிடையே நடத்தப்பட்ட ஆய்வுகளில், 80 வயதுக்குள் நோய்வாய்ப்படுவோர் நான்கில் ஒருவர் அளவிலேயே இருந்தனர். தந்தைக்கு நோய் இருப்பதால் மகளுக்கும் அது வந்தே தீரும் என்ற முடிவுக்குப் பொதுவாக விஞ்ஞானத்தில் இடமில்லை.

அவ்வாறாயின் மரபணுப் பரிசோதனையால் நோயாளிக்குக் கிட்டும் நன்மை யாது? 1960 களில் பயன்பாட்டுக்கு வந்த லெவொடோபாவே இன்றும் பிரதான மருந்தாக உள்ளது. அதனை மரபணு ஆய்வு மாற்றிவிடவில்லை. ஆனால் நோயின் போக்கை முன்கூட்டி அறிய அது உதவுகின்றது. பார்கின் விகாரத்தால் இளவயதிலேயே பாதிக்கப்படுவோரில் நோய் பொதுவாக மெதுவாகவே முன்னேறும். குறைந்த அளவு மருந்தே அவர்களிடம் நல்ல பலனைத் தருவதுண்டு. ஜி.பி.ஏ.1 மாற்றம் உடையோரிடம் நினைவாற்றல் பாதிப்பு விரைவாகத் தோன்றக்கூடும். மூளையினுள் மின்முனை பொருத்தும் சத்திரசிகிச்சையின் பின்னர் அப்பாதிப்பு கூடுதலாகலாம் எனவும் ஆய்வுகள் சுட்டிக்காட்டுகின்றன. சத்திரசிகிச்சை பற்றித் தீர்மானிக்கும் குடும்பத்துக்கு இது பெறுமதிமிக்க தகவலாகும்.

புதிய மருந்துகளுக்கான தேடலும் இவ்வழியிலேயே செல்கின்றது. சளியை இளக்குவதற்கு நீண்டகாலமாக வழங்கப்படும் அம்ப்ரொக்ஸோல், ஜி.பி.ஏ.1 மரபணுவுடன் தொடர்புடைய நொதியத்தைத் தூண்டவல்லது. 2020 இல் வெளியான சிறிய ஆய்வில் அது மூளையைச் சூழவுள்ள திரவத்தைச் சென்றடைவது தெரியவந்தது. ஐக்கிய இராச்சியத்தில் அது பெரிய அளவிலான பரிசோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. எனினும் நோயின் வேகத்தை அது தணிக்கும் என்பது நிரூபணமாகவில்லை. எனவே வைத்திய ஆலோசனையின்றி மருந்தகத்தில் வாங்கி உட்கொள்வது முறையன்று.

இங்கு மற்றுமொரு விடயத்தையும் நாம் அவதானிக்க வேண்டும். 2019 இல் இந்நோயுடன் தொடர்புடைய 90 மரபணு அடையாளங்களைப் பட்டியலிட்ட மாபெரும் ஆய்வு, ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவுகளையே அடிப்படையாகக் கொண்டது. ஆபிரிக்க வம்சாவளியினரிடம் தேடியபோது, ஐரோப்பியரிடம் ஏறக்குறைய காணப்படாத ஜி.பி.ஏ.1 மாற்றமொன்று 2023 இல் வெளிப்பட்டது. நைஜீரிய ஆய்வாளர்களின் பங்களிப்பு அதில் முக்கியமானது. தேடாத இடத்தில் எதுவும் கிடைப்பதில்லை. தெற்காசிய மக்களும் உரிய அளவில் ஆராயப்படாதவரை, பிறருடைய மரபணு வரைபடத்தைக் கொண்டே எமது நோயாளிகளை மதிப்பிட நேரிடும்.

எமது மக்களுக்கு இதில் நேரடியான கரிசனையும் உண்டு. பார்கின் போன்ற மரபணுக்களில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற பிரதி கிடைத்தாலேயே பொதுவாக நோய் உண்டாகின்றது. நெருங்கிய உறவினர் மணம் புரியும்போது அதற்கான வாய்ப்பு அதிகரிக்கின்றது. மச்சான், மச்சாள் முறைத் திருமணங்கள் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வழக்கில் உள்ளவை. இதனைக் கூறுவது அத்தகைய குடும்பங்களைக் குற்றவாளிகளாக்குவதற்காக அல்ல. இவ்வகை நோய் மிக அரிதானது. உறவில் மணம் புரிந்தோரின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் இதனால் பாதிக்கப்படுவதில்லை. ஆயினும் 40 வயதுக்கு முன் நடுக்கமோ விறைப்போ தோன்றினால் அதனை மறைக்காது நரம்பியல் நிபுணரிடம் செல்வதற்கு இவ்வறிவு துணைபுரிய வேண்டும்.

பரிசோதனைக்கு முன்னரும் பின்னரும் முடிவின் பொருளைத் தாய்மொழியில் விளக்கும் ஆலோசனைச் சேவை அவசியம். ஆலோசனையின்றிக் கையளிக்கப்படும் அறிக்கை, மருந்தாவதற்குப் பதிலாக வதந்தியாகிவிடும். அவ்வறிக்கை தொழில்தருநரிடமோ காப்புறுதி நிறுவனத்திடமோ செல்லாதிருப்பதும் உறுதிப்படுத்தப்பட வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் 2008 இல் இயற்றப்பட்ட சட்டம் தொழிலிலும் சுகாதாரக் காப்புறுதியிலும் மரபணு அடிப்படையிலான பாரபட்சத்தைத் தடை செய்கின்றது. ஆனால் ஆயுட்காப்புறுதி அதற்குள் அடங்கவில்லை. இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவை விசேட வகையில் சேர்த்துள்ளமை வரவேற்கத்தக்கது. ஏட்டிலுள்ள அப்பாதுகாப்பு நோயாளியை வந்தடைய வேண்டும்.

அனைத்துக்கும் மேலாக, 2022 இன் பொருளாதார நெருக்கடியில் வைத்தியசாலைகள் எதிர்கொண்ட மருந்துத் தட்டுப்பாட்டை நாம் மறந்துவிடலாகாது. லெவொடோபா தடையின்றிக் கிடைக்காத நாட்டில் மரபணு அறிக்கை வெறும் காகிதமே. மருந்து, ஆலோசனை, இரகசியக் காப்பு ஆகிய மூன்றையும் உறுதிசெய்வது சுகாதார அமைச்சின் கடமையாகும். நோயாளியின் குடும்பத்தின் மீது பழி சுமத்தாதிருப்பது எம் ஒவ்வொருவரினதும் கடமையாகும்.