பூட்டு மட்டும் காவலாகாது

லக்கலவின் வயலுக்கும் வானில் செல்லும் விமானத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். நம் ஊர்களிலிருந்து கடல்கடந்து உழைக்கச் செல்லும் ஆண்களும் பெண்களும் தம் உயிரை விமானியின் கையில் ஒப்படைத்தன்றோ செல்கின்றனர்? ஆதலின் இது நமது விடயமே.

2001 செப்டெம்பர் 11 அன்று அமெரிக்காவில் நான்கு விமானங்கள் கடத்தப்பட்டன. அதன் விளைவாக, 2003 நவம்பர் முதல் பெரிய பயணிகள் விமானங்களில் விமானியறைக்கு உறுதிமிக்க கதவு வேண்டும் என்பது சர்வதேச விதியாயிற்று. கதவு வலுத்தது, ஆபத்து ஒழிந்ததா? 2015 மார்ச் 24 அன்று ஜேர்மன்விங்ஸ் விமானத்தில், தலைமை விமானி வெளியே சென்ற வேளை துணை விமானி கதவைப் பூட்டி, விமானத்தை அல்ப்ஸ் மலையில் மோதவைத்தார். 150 பேர் மாண்டனர். பகைவனைத் தடுக்க எழுந்த கதவு காப்பவனையே தடுத்துவிட்டது.

இதன் பின்னர், விமானியறையில் எந்நேரமும் இருவர் இருத்தல் வேண்டும் எனப் பல நிறுவனங்கள் விதித்தன. எனினும் 2024 செப்டெம்பரில், சிட்னியிலிருந்து கொழும்பு வந்த ஸ்ரீலங்கன் விமானத்தில், கழிப்பறை சென்று திரும்பிய துணை விமானியை உள்ளே விடாது தலைமை விமானி கதவை அடைத்தார் எனச் செய்தி வெளியாயிற்று. அவர் பணியினின்று விலக்கிவைக்கப்பட்டு விசாரணை தொடங்கியது.

இரும்பின் வலிமை வேறு. அதை இயக்கும் மனிதனின் நிலை வேறு. பின்னதை அறிந்தவர் விமானிகளே. கதவு திறக்கும் சில நொடிகளே ஆபத்தானவை, ஆதலால் இரண்டாவது தடுப்பு வேண்டும் என்று அமெரிக்க விமானிகள் சங்கம் நெடுங்காலம் வாதாடியது. புதிய விமானங்களுக்கு அதைக் கட்டாயமாக்கும் சட்டம் 2018இலும், நடைமுறை விதி 2023இலுமே பிறந்தன. கேளாமையின் விலை இத்தனை ஆண்டுகள்!

நம் உழவர் இதனை நன்கு உணர்வர். குளத்து நீரைத் திறக்குமுன் விவசாயிகளைக் கூட்டி, அவர்களோடு கலந்தே விதைப்புக் காலத்தைக் குறிப்பது நம் நாட்டு நீர்ப்பாசனச் சட்டம் வகுத்த முறை. மதகு அதிகாரியின் பொறுப்பில் இருப்பினும், வயலை அறிந்தவன் உழவன் என்பதைச் சட்டமே ஏற்றுள்ளது.

அந்நீதி வானுக்கும் வேண்டும். விமானியறைப் பாதுகாப்பு விதி எதனையும் இயற்றுமுன் விமானிகளின் கருத்தை எழுத்தில் பெறவும், அதனை நிராகரிப்பின் காரணம் கூறவும் 2010ஆம் ஆண்டின் சிவில் விமானச் சேவைச் சட்டம் திருத்தப்படுதல் வேண்டும். சங்கம் தன்னலமே பேசும் என்பார் உளர். பேசட்டும்! தீர்ப்பு அதிகார சபையினுடையதே. ஆயின், ஒரு தரப்பைக் கேளாது வழங்கும் தீர்ப்பு எந்த மன்றத்திலும் நீதியாகாது.