பந்து யார் பக்கம்?

ஆங்கில மரபுத்தொடர்களை மனனம் செய்துவிட்டால் ஆங்கிலப் பேச்சு கைவந்துவிடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். நானும் நம்பியவன்தான். தமிழ்ப்பள்ளியில் மரபுத்தொடர், தேசிய இடைநிலைப்பள்ளியில் ‘சிம்புலான் பகாசா’, ஆங்கிலப் பாடத்தில் ‘இடியம்ஸ்’ என மூன்றையும் பட்டியல் போட்டுப் படித்தவன். கட்டுரையில் மழை பெய்தால் ‘கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’. கேள்வி எளிதென்றால் ‘பீஸ் ஆஃப் கேக்’. புள்ளிகளும் கிடைத்தன.

தொழிற்பயிற்சிக்குப் போனபோதுதான் உண்மை விளங்கியது. என் அறிக்கையைத் திருத்தச் சொன்ன மேலாளர், ‘தி பால் இஸ் இன் யுவர் கோர்ட்’ என்று முடித்தார். தலையாட்டினேன். அவர் மேற்கொண்டு ஏதேனும் சொல்வார் என்று மூன்று நாள் காத்திருந்தேன். அவரோ என் அறிக்கைக்காகக் காத்திருந்தார்! டென்னிஸ் போன்ற பந்தாட்டங்களிலிருந்து வந்த தொடர் அது. பந்து உன் பக்கம் வந்துவிட்டது. இனி அடிக்க வேண்டியவன் நீ என்பது பொருள். நான்காம் நாள் அந்த வேலை வேறொருவரிடம் போயிற்று. என் பழைய குறிப்பேட்டில் அத்தொடர் பொருளோடு இருந்தது. ஏட்டில் தெரிந்தது, காதில் விழுந்தபோது தெரியவில்லை.

இன்னொரு நாள், தேநீர்ச் செலவுக்கு வைத்திருந்த டப்பாவில் காசு குறைந்தது. ‘யாருக்கோ கை நீளம்’ என்ற நினைப்பில், ‘சம்ஒன் ஹேஸ் லாங் ஹேண்ட்ஸ்’ என்றேன். மலாய்த் தோழர் மட்டும் உடனே சிரித்தார். அவர் மொழியிலும் ‘பாஞ்சாங் தாங்கான்’ என்றால் திருட்டுக் கைதான். ஆங்கிலமே பேசி வளர்ந்தவர்கள் விழித்தார்கள். அவர்கள் சொல்வது ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’. தமிழும் மலாயும் கையை நீட்டின. ஆங்கிலம் விரலில் பசை தடவிவிட்டது.

இதிலிருந்து நான் கற்றது ஒன்று. மரபுத்தொடரைப் பொருளோடு மட்டும் கற்றால் போதாது. இடத்தோடு கற்க வேண்டும். யார், யாரிடம், எப்போது சொல்கிறார் என்பதே அதன் பாதிப் பொருள். ‘கிக் தி பக்கெட்’ என்றால் இறத்தல் என்று பட்டியல் சொல்லும். ஆனால் துக்க வீட்டில் அதைச் சொல்லலாமா? ‘இறைவனடி சேர்ந்தார்’ என்பதற்கும் ‘மண்டையைப் போட்டார்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்கு யாரும் சொல்லாமலே தெரியும். அந்தத் தமிழ் அறிவையே ஆங்கிலத்திலும் துணைக்கு அழைத்துக் கொள்ளலாமே!

சொற்களை மாற்றவும் கூடாது. ‘பாடத்தைக் கரைத்துக் குடித்தான்’ என்போம். ‘கலக்கிக் குடித்தான்’ என்றால் சிரிப்பார்கள். அதுபோல் ‘பீஸ் ஆஃப் கேக்’கை ‘ஸ்லைஸ் ஆஃப் கேக்’ ஆக்கினால் அது வெறும் பலகாரம்தான். முதலில் காதில் வாங்குவோம். இரண்டு மூன்று பேர் வாயில் கேட்ட பிறகு நாமும் சொல்லிப் பார்ப்போம். என் பயிற்சிக் காலம் முழுவதும் எத்தனையோ நாள் மழை கொட்டியது. அலுவலகத்தில் ஒருவர்கூட ‘கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்று சொல்லவில்லை. ‘ஹெவி ரெயின்’ என்றார்கள், அவ்வளவுதான்.

இதே தவற்றைத் தமிழுக்கும் செய்கிறோம். ‘அட் தி எண்ட் ஆஃப் தி டே’ என்பதை ‘நாளின் முடிவில்’ என்று மேடையில் முழங்குகிறோம். ‘கடைசியில் பார்த்தால்’ என்று நம் பாட்டிமார் சொல்லும் தொடர் எங்கே போயிற்று? ஒரு மொழியின் வழக்கை இன்னொரு மொழியில் சொல்லுக்குச் சொல் இறக்கினால் இரண்டுமே கெடும்.

மரபுத்தொடர்ப் போட்டி என்றாலே பொருள் கேட்பதுதான் நம் வழக்கம். இனி ஒரு சூழலைக் கொடுத்து, அதற்கேற்பப் பேசச் சொல்வோம். மனனம் செய்தவர் தடுமாறுவார். மொழியோடு பழகியவர் வெல்வார்.