ஆப்பிள் கேக்கும் அடுக்களைக் கல்வியும்

கற்க வேண்டுவன யாவும் ஏட்டிலே உள்ளன. அடுக்களையில் நிகழ்வது கைப்பழக்கமேயன்றிக் கல்வியன்று என எண்ணுவார் நம் மாணவருட் பலர். இவ்வெண்ணம் பிழையென்பது எம் துணிபு. அதனை மெய்ப்பிக்க, ஆங்கில நாட்டு இல்லங்களில் வழிவழியாகச் செய்யப்பெறும் எளிய ஆப்பிள் கேக் ஒன்றே சாலும்.

இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டார்செட், சாமர்செட், டெவன் என்னும் பகுதிகள் ஆப்பிள் தோட்டங்களுக்குப் பெயர்பெற்றவை. இலையுதிர் காலத்துக் காற்றில் விழுந்து அடிபட்ட பழம் சந்தைக்கு உதவாது, நெடுநாள் நில்லாது. அதனை வீணாக்காது விருந்தாக்குவது இக்கேக்.

இதற்கு வேண்டும் பொருள்கள் சிலவே. 8 அவுன்சு கோதுமை மாவு, 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 4 அவுன்சு வெண்ணெய், 4 அவுன்சு சர்க்கரை, நறுக்கிய ஆப்பிள் 8 அவுன்சு, ஒரு முட்டை, சிறிது பால் ஆகிய இவை போதும். குளிர்ந்த வெண்ணெயை மாவிலிட்டு விரல் நுனியால் உதிர்பதமாகத் தேய்த்தல் வேண்டும். ஏனெனின், நெய்ப்பசை மாவுத் துகளைப் போர்த்துக்கொள்ளின், ஈரம் எளிதிற் புகுந்து அதனை இழுபடச் செய்யாது; கேக் மென்மையுறும். பழம் வேகுங்கால் சாறு விடுமாதலின் பாலை அளவறிந்து வார்த்தல் வேண்டும். கலவையை மிகக் கிண்டலாகாது, கிண்டின் இறுகும். 180 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் வெந்தபின், நடுவிற் குத்திய கம்பியில் மாவு ஒட்டாது வரின் பதமாயிற்று என்றறியலாம். இவற்றின் காரணத்தை இரசாயன நூலார் விளக்குமுன்னரே, தாய்மார் விரல்கள் அறிந்திருந்தன. இஃது அறிவன்றி வேறென்னை?

அடுக்களைத் தேவை ஆராய்ச்சிக்கும் வித்திட்டதுண்டு. பர்மிங்காம் நகரத்து ஆல்பிரட் பேர்டு என்பார் 1843-ல் பேக்கிங் பவுடர் ஆக்கியது, ஈஸ்ட் ஒவ்வாத தம் மனைவியின் பொருட்டே.

ஆயினும் இல்லத்தாரின் அறிவுக்கு உலகம் பெயர் தருவதில்லை. சமையலுக்கென்றே ஆங்கிலர் போற்றும் புளிப்பு ஆப்பிள் 'பிராம்லி' எனப்படும். நாட்டிங்காம்ஷயரைச் சார்ந்த சவுத்வெல் என்னும் ஊரில், 1809-ல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்போர்டு என்னும் இளம்பெண் ஊன்றிய வித்திலிருந்து எழுந்தது அதன் முதல் மரம். பின்னர் அவ்வீட்டை வாங்கிய மாத்தியூ பிராம்லி என்னும் இறைச்சி வணிகர், 1856-ல் ஒட்டுக் கிளை கேட்ட மெரிவெதர் என்பாருக்குத் தம் பெயரையே பழத்திற்கு இடவேண்டுமென்று விதித்து இசைந்தார். நட்ட பெண்ணோ 1852-லேயே மறைந்தாள். பெயர் வாங்கினவர்க்கு நின்றது!

அவ்வறிவின் அருமை இடுக்கட் காலத்தில் விளங்கும். 1940-ல் பிரிட்டனில் உணவுப் பங்கீடு தொடங்கியது; 1954-ல்தான் முற்றும் நீங்கியது. போர்க்காலத்தில் ஒருவர்க்கு வாரம் 2 அவுன்சு வெண்ணெயே கிடைத்த நாளும் உண்டு. மேற்கூறிய கேக்கிற்கோ இருவரின் ஒரு வாரப் பங்கு வேண்டும். அந்நாளில் எதனைக் குறைக்கலாம், எதனைக் குறைத்தலாகாது என்று தெளிந்தவள், காரணம் அறிந்து சமைத்தவளே.

"கடையில் இதனினும் அழகிய கேக் விலைக்குக் கிடைக்குமே" என்பார் சிலர். கிடைக்கும், அணி மிகுந்து பொருள் குன்றிய செய்யுளும் எளிதிற் கிடைக்கும். வாங்குவோன் அறிவது விலை ஒன்றே. செய்வோன் அறிவது பொருளின் இயல்பு. வீட்டில் ஆக்குவார் அருகின், புளிப்புப் பழத்தை நாடுவாரும் அருகுவர், மரமும் அருகும்.

ஆதலின் நண்பர்காள், ஆணாயினும் பெண்ணாயினும் இவ்விடுமுறையில் தாயரிடம் ஒரு பண்டமேனும் கற்பீராக. அதன் அளவையும் காரணத்தையும் எழுதி வைப்பீராக. எழுதியபின், கற்பித்தவர் பெயரை மறவாது மேலே பொறிப்பீராக.