சிறு காயம் என்று தீர்மானிப்பது யார்?

இத்திங்கள் வந்த கடிதங்களுள் ஒன்றுக்கு விரிவாகவே விடை கூற வேண்டியிருக்கிறது. எழுதியவர் ஒரு குடும்பத் தலைவி. அவருடைய மாமியார் படிக்கட்டில் இறங்குகையில் கால் பிசகிக் கணுக்கால் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் காலைச் சில இடங்களில் விரலால் அழுத்திப் பார்த்தார். எழுந்து நான்கடி நடக்கச் சொன்னார். எலும்புக்கு ஒன்றுமில்லை, எக்ஸ்-ரே வேண்டாம் என்று கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார். "படம் எடுக்காமலே எப்படிச் சொல்லலாம்? பாஷை தெரியாதவர்கள் என்ற அலட்சியந்தானே?" என்று கேட்கிறார் அம்மையார்.

அலட்சியம் என்று கொள்ள வேண்டுவதில்லை. அந்த டாக்டர் அழுத்திய இடங்கள் சரியானவையாயின், அவர் நன்கு பயின்றவர் என்பதற்கே அது சான்று.

கனடா நாட்டின் ஆட்டவா நகரில் இயன் ஸ்டீல் என்ற டாக்டரும் அவர் குழுவினரும் இதனை ஆராய்ந்தனர். கணுக்கால் அடிபட்டு வருவோர் அனைவருக்குமே எக்ஸ்-ரே எடுப்பது வழக்கமாயிருந்தது. ஆனால் நூறு பேரில் பதினைந்து பேருக்குக்கூட எலும்பு முறிவு காணப்படவில்லை. மற்றவர்களுக்குக் காத்திருப்பும் செலவுந்தான் மிச்சம். 1992-இல் அக்குழுவினர் ஒரு விதியை வகுத்து வெளியிட்டனர். கணுக்காலின் இருபுறமும் புடைத்து நிற்கும் எலும்புகளின் பின்விளிம்பை, நுனியிலிருந்து மேல்நோக்கி 6 சென்டிமீட்டர் வரை அழுத்திப் பார்க்க வேண்டும். பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலிலிருந்து பின்னோக்கித் தடவி வருகையில் பாதிவழியில் தட்டுப்படும் எலும்பு முனையை அழுத்த வேண்டும். உட்புற வளைவின் மேலுள்ள படகெலும்பையும் அழுத்த வேண்டும். இவ்விடங்களில் வலி இல்லாமல், அடிபட்டவுடனோ ஆஸ்பத்திரியிலோ நான்கடி எடுத்து வைக்கவும் முடிந்தால், எக்ஸ்-ரே தேவையில்லை. நொண்டி நடந்தாலும் நடைதான். பின்னர் 27 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2003-இல் வெளியான அறிக்கை ஒன்று, விதிப்படி எக்ஸ்-ரே வேண்டாதவர்களுள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவாகவே முறிவு இருந்ததெனக் காட்டிற்று. வீண் எக்ஸ்-ரேக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையலாம் என்பதும் அதன் முடிவு.

அம்மையாரின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று சொல்லலாமா? இன்னும் ஒன்று கேட்கவேண்டும். மாமியாருக்கு நீரிழிவு உண்டா? பல்லாண்டு நீரிழிவு இருந்தவர்களுக்குக் காலில் உணர்ச்சி மங்கியிருக்கும். எலும்பு முறிந்திருந்தாலும் அழுத்தும்போது வலி தெரியாமற் போகலாம். அத்தகையோருக்கு இவ்விதியை நம்பக் கூடாது. குடித்திருப்பவர், வேறு பெருங்காயத்தால் கவனம் சிதறியவர், விரலுக்கு எலும்பே தட்டுப்படாத அளவு வீங்கியவர் ஆகியோருக்கும் அப்படியே. விதியைப் பத்து நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். அது யாருக்குப் பொருந்தாது என்பதை அறிவதற்கே பயிற்சி வேண்டும்.

சிறு காயங்களைச் சோதிப்போருக்குக் கற்பிக்கும் முறை நம் வீட்டுப் பெரியவர்கள் காய்கறி வாங்கும் முறைக்கு நேர் எதிரானது. நாம் முதலில் கையை வைத்து அமுக்கிப் பார்ப்போம். அவர்களோ முதலில் கேட்க வேண்டும், பிறகு பார்க்க வேண்டும், அதன் பின்னரே தொட வேண்டும். நோயாளியைத் தாமே அசைக்கச் சொல்வது அதற்கும் பிறகு. வலிக்கும் இடத்தைக் கடைசியில் தொட வேண்டும். எப்படி விழுந்தீர்கள் என்பதோடு ஏன் விழுந்தீர்கள் என்றும் கேட்க வேண்டும். தலை சுற்றி விழுந்த முதியவருக்குக் கணுக்காலைவிட இருதயத்தைப் பார்ப்பது அவசரமாயிருக்கலாம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர் தலையில் இலேசாக இடித்துக்கொண்டாலும் அதைச் சிறு காயம் எனத் தள்ளலாகாது.

கை விஷயம் இன்னும் நுட்பமானது. தேங்காய்ப் பத்தையை உள்ளங்கையில் வைத்துக் கத்தியால் நெம்பும்போது விரலடியில் ஒரு வெட்டு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். காயம் அரை அங்குலந்தான், இரத்தமும் நின்றுவிட்டது. பயிலாதவர் இரண்டு தையல் போட்டு அனுப்பிவிடுவார். வெட்டுப்பட்டபோது விரல்கள் மடங்கியிருந்தன. நீட்டியபின் உள்ளே நரம்புக் கயிறுபோல் ஓடும் தசைநாண் இடம் நகர்ந்துவிடுகிறது. தோலின் காயத்துக்குள் பார்த்தால் தசைநாண் வெள்ளை வெளேரென்று முழுதாகத் தோன்றும். அறுந்த இடம் வேறெங்கோ மறைந்திருக்கும். எனவே எந்த நிலையில் கை இருந்தது என்று கேட்டு, அதே நிலையில் விரலை மடக்கிப் பார்க்க வேண்டும். நடு மூட்டைப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொல்ல வேண்டும். எதிர்த்து அழுத்தியும் பார்க்க வேண்டும், பாதி அறுந்த தசைநாணும் எதிர்ப்பில்லாதபோது வேலை செய்யுமாதலால். விரலின் இருபக்கத்து உணர்ச்சியையும் சோதிக்க வேண்டும். அதை மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பே செய்ய வேண்டும். போட்ட பின் சோதித்து என்ன பயன்?

கையூன்றி விழுந்தவரின் மணிக்கட்டு மற்றொரு பொறி. கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு குழி தெரியும். அங்கே அழுத்த வலித்தால், முதல் எக்ஸ்-ரே சுத்தமாக இருந்தாலும் முறிவு இல்லையென்று சொல்லக் கூடாது. அங்குள்ள சிற்றெலும்பின் முறிவு முதலில் படத்தில் தெரியாமலிருக்கக் கூடும். கவனியாமல் விட்டால் இரத்தவோட்டம் தடைப்பட்டு எலும்பு பட்டுப்போகலாம். அணைகட்டிப் பத்துப் பதினான்கு நாளில் மறுபடி பார்ப்பதே முறை. இத்தகைய கையை எண்ணெயிட்டு உருவி விடுவதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் நம் குடும்பங்களில் அது இன்னும் நடக்கிறது.

இவற்றையெல்லாம் டாக்டர்தான் செய்ய வேண்டுமா? இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஆஸ்பத்திரியொன்றில் இக்கேள்வியை முறையாகவே சோதித்தனர். சிறு காயங்களுடன் வந்த 1,453 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்து, ஒரு சாராரைத் தனிப்பயிற்சி பெற்ற நர்ஸுகளும், மறு சாராரை இளம் டாக்டர்களும் பார்த்தனர். பின்னர் அனுபவமிக்க டாக்டர் ஒருவர் ஒவ்வொருவரையும் தனியே சோதித்தார். 1999-இல் முடிவு வெளியாயிற்று. முக்கியமான தவறு நேர்ந்தது நர்ஸுகளிடம் நூற்றுக்கு 9.2, டாக்டர்களிடம் 10.7. இருவரும் ஏறக்குறையச் சமமே. நோயாளி சொன்னதைக் குறித்துவைப்பதில் நர்ஸுகளே மேம்பட்டிருந்தனர். இதை நர்ஸுகளின் வெற்றியாகப் பலர் எடுத்துக்கூறுவர். எனக்குப் படுவது வேறு: கடுமையான அளவுகோலால் அளந்தபோது இரு சாராரிடமும் ஏறத்தாழப் பத்தில் ஒரு தவறு. சிறு காயம் என்பது சிறு வேலையன்று.

நம் நாட்டிலும் 2018-இல் அறிவிக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ், துணை நிலையங்களில் நர்ஸுகளும் ஆயுர்வேதப் பட்டதாரிகளும் ஆறு மாதப் பயிற்சிக்குப் பின் சமுதாயச் சுகாதார அதிகாரிகளாக அமர்த்தப்பட்டனர். காயங்களுக்கு முதலுதவியும் அவர்கள் பணிகளுள் அடங்கும். அவர்களிடம் எக்ஸ்-ரே இராது. விரலும் கேள்வியுந்தான் கருவி. ஆகையால் அப்பயிற்சி எவ்வளவு ஆழமாக நடக்கிறது என்பது நமக்கும் உரிய கவலை.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனித் தொல்லை ஒன்றுண்டு. பாட்டி தமிழில் சொல்லுவார். பேரன் இந்தியில் பெயர்ப்பான். "வலிக்கிறது" என்றாலும் "தர்த்", "குடைகிறது" என்றாலும் "தர்த்". "மரத்துப்போயிற்று" என்பதையும் அவன் "தர்த்" என்றே சொல்லிவிட்டால், உணர்ச்சி போனதென்ற ஒரே எச்சரிக்கை அங்கேயே தொலைந்துபோகும். மரத்தலுக்கு இந்தியில் "சுன்ன்" என்று தனிச் சொல் இருக்கிறது. சுளுக்குக்கு "மோச்" என்பார்கள். இவ்விரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது நலம். முடிந்தவரை சிறுவர்களை விடுத்துப் பெரியவர் ஒருவரே மொழிபெயர்க்கட்டும். பாட்டியையே விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்வது எல்லாவற்றினும் மேல்.

நன்கு பயின்றவர் கட்டுப் போட்டதோடு நில்லார். எப்போது திரும்பி வரவேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புவார். விரல்கள் மரத்தால், நீலம் பாய்ந்தால், வலி நாளுக்கு நாள் ஏறினால், ஒரு வாரம் கழித்தும் ஊன்ற முடியாவிட்டால், காயத்தில் சீழ் வைத்தால் தாமதிக்கலாகாது. அம்மையாரின் மாமியாருக்கு இவை சொல்லப்பட்டனவா என்பது கடிதத்தில் இல்லை. சொல்லப்படவில்லையெனில் நாளையே சென்று கேட்கலாம். நீரிழிவு இருந்தால் அதையும் அப்போதே டாக்டரிடம் தெரிவித்துவிட வேண்டும்.