பற்றுறவுக் கோளாறு: திரை காட்டுவதும் மருத்துவம் கூறுவதும்

தத்தெடுக்கப்பட்ட குழந்தை குடும்பத்தினரையே கொல்லத் துணிவதாகக் காட்டும் படங்கள் இணையத்தில் எளிதில் கிடைக்கின்றன. 1990-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'சைல்டு ஆஃப் ரேஜ்' ஆவணப்படம் இவற்றுள் பெயர்பெற்றது. இவற்றைப் பார்த்து அஞ்சும் பெற்றோர் ஒன்றை அறிய வேண்டும்: கொடூரமும் மனச்சாட்சியின்மையும் இக்கோளாற்றுக்கான மருத்துவ வரையறையில் இல்லவே இல்லை.

கடும் புறக்கணிப்புக்கு உள்ளான, அல்லது பராமரிப்பவர் அடிக்கடி மாறிய குழந்தைகளிடமே இது காணப்படுகிறது. வலித்தாலும் அச்சமுற்றாலும் அக்குழந்தை எவரையும் நாடாது. அணைத்தாலும் ஆறுதல் கொள்ளாது. அறிகுறிகள் 5 வயதிற்குள் தோன்றிவிடும். அரிதான கோளாறு இது. தத்துக் குழந்தைகளுள் பெரும்பாலோருக்கு இல்லை.

தவறான சித்திரிப்பின் தீங்கு அச்சத்தோடு நிற்பதில்லை. குழந்தையின் 'சினத்தை வெளியேற்ற' வலுக்கட்டாயமாக அழுத்திப் பிடிக்கும் முறைகளைச் சிலர் சிகிச்சை என்றே விற்றனர். 2000-ஆம் ஆண்டு கொலராடோவில் 10 வயதுச் சிறுமி ஒருத்தி துணியில் சுற்றப்பட்டு, பெரியவர்களால் அழுத்தப்பட்டு மூச்சுத்திணறி இறந்தாள். மூச்சுவிட முடியவில்லை என்று அவள் கெஞ்சியது நடிப்பென ஒதுக்கப்பட்டது. சிகிச்சையாளர் இருவருக்கு 16 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அம்முறையை அம்மாநிலம் தடைசெய்தது.

உண்மையான சிகிச்சையில் மாயம் ஏதுமில்லை. மாறாத ஒரு பராமரிப்பாளர், ஒழுங்கான அன்றாடம், பொறுமை ஆகியனவே அதன் அடிப்படை. புதிதாக வீடு வந்த குழந்தை அடம்பிடிப்பதும் உண்ண மறுப்பதும் நோயன்று. ஐயமிருப்பின் அரசு மருத்துவமனையின் குழந்தை நல மருத்துவரை அணுகுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.