ஆயில் எஞ்சினின் பலக் குறைவு: முதுமையின் குற்றமா, கவனக் குறைவின் குற்றமா?

கம்பம் பள்ளத்தாக்கின் நிலங்கள் யாவும் ஒரே விதமான நீர்வளம் உடையன அல்ல. 1895-ம் ஆண்டில் பெரியாற்று அணை கட்டி முடிந்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நீர் கிழக்கு நோக்கித் திருப்பப்பட்டதன் பயனாக, லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நஞ்சை இருபோகம் விளையும் பேறு பெற்றது. கால்வாய் ஏறாத மேட்டு நிலங்களிலோ திராட்சையும் வாழையும் காய்கறியும் கிணற்று நீரையே நம்பி நிற்கின்றன.

1990-ம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் விவசாயப் பம்புகளுக்கு மின்சாரம் இலவசமாக அளிக்கப்பட்டு வருவதால், முன்னர் கிணற்று மேட்டில் அரசு செலுத்திய ஆயில் எஞ்சின் மூலைக்கு ஒதுங்கிற்று. ஆயினும் இணைப்புக் கிடைக்காத கிணறுகளிலும், மின்சாரம் தடைப்படும் நாட்களிலும் அதுவே துணை. திராட்சைக் காய் பருக்கும் தருணத்தில் அத்துணை தளர்ந்துவிட்டால், “எஞ்சின் கிழமாயிற்று” என்று பழைய இரும்புக்கு எடை போட்டு விற்றுவிட்டு, கடன்பட்டுப் பெரிய எஞ்சின் வாங்குவோர் பலர். ஆராயாமல் செய்யப்படும் இம்முடிவு பெரும்பாலும் வீண் செலவேயாகும். முதுமை வேறு, பழுது வேறு.

இங்கிலாந்தில் லிஸ்டர் கம்பெனியார் 1929-ம் ஆண்டு முதல் செய்துவந்த மெதுவேக எஞ்சினை இதற்குச் சான்றாகக் கூறலாம். அதன் 6 குதிரைச் சக்தி வகை நிமிஷத்துக்கு 650 சுற்றே சுற்றுவது. அம்மாதிரியைப் பின்பற்றி ராஜ்கோட்டில் செய்யப்பட்ட எஞ்சின்களும் நம் நாட்டில் ஏராளம். வேகம் குறைவாகவும் உறுப்புகள் கனமாகவும் இருப்பதால் இத்தகைய இயந்திரம் எளிதில் தேய்வதில்லை. தேய்ந்த உறுப்பை மட்டும் மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு.

முதலாவதாக ஆராய வேண்டியது, குறைந்தது எஞ்சினின் பலமா, பம்பின் நீரா என்பதாகும். நொடிக்கு 10 லிட்டர் நீரை 20 மீட்டர் உயர்த்துவதற்கு வேண்டியது சுமார் 2.7 குதிரைச் சக்தி. பம்பின் திறன் நூற்றுக்கு 60 எனக் கொண்டால் எஞ்சின் சுமார் 4.4 குதிரைச் சக்தி கொடுத்தல் வேண்டும்; 6 குதிரைச் சக்தி எஞ்சினுக்கு இது தகுந்த பாரமே. கோடையில் நீர்மட்டம் இறங்கி, உயர்த்த வேண்டிய உயரம் 30 மீட்டராகிவிட்டால், அதே அளவு நீருக்கு 6.7 குதிரைச் சக்தி வேண்டும். இங்கே தளர்ந்தது எஞ்சின் அன்று, ஆழ்ந்தது கிணறு. அன்றியும், பம்பு நீர்மட்டத்திற்கு மேல் 6 அல்லது 7 மீட்டருக்கு அதிகமான உயரத்தில் இருந்தால், எவ்வளவு பலமான எஞ்சினும் நீரை உறிஞ்சித் தராது. பம்பைக் கீழே இறக்குவதே அதற்குப் பரிகாரம்.

அடுத்தது வேகம். சென்ட்ரிபூகல் பம்பின் சுற்று நூற்றுக்கு 10 குறைந்தால், அது நீரை உயர்த்தும் ஆற்றல் நூற்றுக்கு 19 குறைந்துபோகும். பெல்ட் தளர்ந்து வழுக்குவதனாலேயே வாய்க்காலில் நீர் பாதியாவதும், அறவே நிற்பதும் உண்டு. ஆதலால் பெல்ட்டின் இறுக்கம், புட்வால்வில் அடைத்த சருகு, உறிஞ்சு குழாயில் காற்றுப் புகும் இணைப்பு ஆகிய மூன்றையும் பார்க்காமல் எஞ்சினில் ஸ்பானரை வைத்தல் கூடாது. இவற்றைப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

இவை செவ்வையாக இருப்பின், எஞ்சினின் புகையே அதன் நோயைச் சொல்லும். கரும்புகை வருமாயின், பாரம் மிகுதி, அல்லது ஏர் பில்டர் தூசியால் அடைபட்டது, அல்லது நாசில் எண்ணெயைப் பூந்தூறலாகத் தூவாமல் சொட்டுகிறது என்று கொள்ளலாம். நீலப் புகை, மசகெண்ணெய் எரிவதைக் காட்டும். ரிங்குகள் தேய்ந்திருக்கக் கூடும். எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நீடித்தால், அழுத்தம் குறைந்ததையோ டீசலில் நீர் கலந்ததையோ சந்தேகிக்க வேண்டும். புகை அதிகமின்றி வேகம் மட்டும் தளர்ந்தால், டீசல் பில்டர் அடைப்பும் குழாயில் தங்கிய காற்றுமே பெரும்பாலும் காரணம். சைலன்ஸரில் படிந்த கரியும் மூச்சடைப்பது போல் எஞ்சினின் பலத்தைக் குறைக்கும். குளிர்ச்சி நீர் சரிவர ஓடாமையும் அவ்வாறே.

இறுதியாகவே அழுத்தத்தைச் சோதிக்க வேண்டும். டீசலை நிறுத்திவிட்டு, ஹாண்டிலால் மெல்லச் சுற்றும்போது பிஸ்டன் மேலேறுமிடத்தில் கை உறுதியான எதிர்ப்பை உணர வேண்டும். எதிர்ப்பு மெலிந்திருப்பின் வால்வும் ரிங்கும் பார்க்கப்பட வேண்டியவை. நாசிலைச் சோதிப்பவர் தூறலுக்கு எதிரே கையை நீட்டுதல் பெருந்தீங்கு; அதன் வேகம் தோலைத் துளைத்து எண்ணெயை உள்ளே செலுத்திவிடும். மூடிய அறையில் எஞ்சினை ஓட்டுவதும் உயிருக்கு அபாயம். வேகம் குறைகிறதென்று கவர்னரைக் கம்பியால் கட்டிவைக்கும் வழக்கம் இவற்றோடு சேர்த்துக் கண்டிக்கத்தக்கது.

எஞ்சின் வேலையினால் கெடுவதினும் சும்மா இருந்து கெடுவதே இந்நாளில் மிகுதி. மாதக் கணக்கில் நின்ற எஞ்சினின் டாங்கியில் நீர் கசிந்து படியும். ரிங்குகள் துருவினால் ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறையேனும் பாரத்துடன் சிறிது நேரம் ஓட்டி, டாங்கியின் அடி வண்டலை வடித்துவிடுபவர் ஆபத்து நாளில் ஏமாறார். டீசல் செலவை எண்ணி இதனைத் தவிர்ப்பது, விதைநெல்லைச் சமைத்து உண்பதற்கு ஒப்பாகும்.

பழைய எஞ்சின் எதனையும் விடவே கூடாது என்பது இதன் பொருள் அன்று. சிலிண்டர் தேய்ந்து, உதிரி உறுப்பும் கிடைக்காத எஞ்சினைப் பேணுதல் வீண். அத்தீர்ப்பு சோதனையின் முடிவாக இருக்க வேண்டுமேயன்றி, சோதனைக்கு மாற்றாக இருத்தல் ஆகாது.

கிராம அதிகாரிகளும் கூட்டுறவுச் சங்கத்தாரும் இதில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நாசில் சோதிக்கும் கருவியும் சுற்று எண்ணும் கருவியும் ஒவ்வொரு விவசாயியும் வாங்கத் தக்கவை அல்ல. ஊருக்கு ஒன்று போதும். ஒவ்வோர் எஞ்சினுக்கும் ஒரு சிறு குறிப்பேடு இருந்து, ஓடிய மணி, செலவான டீசல், கிணற்று நீர்மட்டம் ஆகியவை அதில் எழுதப்பட்டு வருமாயின், எஞ்சினின் பலம் குறைந்ததா, கிணறு ஆழ்ந்ததா என்ற வழக்கு ஒரு நாழிகையில் தீர்ந்துவிடும். கடன் மனுவைப் பரிசீலிப்போரும் அக்குறிப்பேட்டைக் கேட்டுப் பார்த்தல் நலம். புது எஞ்சினுக்குப் போகவிருந்த பணம் கிணற்றுக்கோ பயிருக்கோ பயன்படுமாயின், அதுவே அவ்வூருக்கு ஆதாயம்.